புக்கான்

அந்தப் பெயரை ஒரு சிறையின் பெயராகத்தான் முதலில் அறிந்தேன். 2014 கோடையில் மோசூல் நகரம் விழுந்தது. கறுப்பு அங்கியும் கறுப்புத் தலைப்பாகையுமாக அபூ பக்கர் அல் பக்தாதி பள்ளிவாசல் மேடையேறித் தன்னைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்டார். யார் இந்த ஆள், எங்கிருந்து முளைத்தார் என்று பத்திரிகைகள் தோண்டத் தொடங்கின. தோண்டியவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள்: கேம்ப் புக்கா. தெற்கு இராக்கில், குவைத் எல்லையோரம், உம் கஸ்ர் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் அமெரிக்க ராணுவம் நடத்திய கைதிகள் முகாம். 2004இல் பக்தாதி சில மாதங்கள் அடைபட்டிருந்தது அங்கேதான்.

புக்கா என்பது ஏதோ அரபுச் சொல், அந்த மணல்காட்டின் பழைய பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு செய்தியைக் கடந்துவிட்டேன். நாம் பெயர்களைப் படிப்பது இப்படித்தான். பல மாதங்கள் கழித்து, வேறு எதையோ தேடும்போது ஓர் அடிக்குறிப்பில் தட்டுப்பட்டது. புக்கா ஓர் ஊர் இல்லை, ஓர் ஆள். ரொனால்ட் பால் புக்கா. நியூயார்க் தீயணைப்புத் துறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தவர், ராணுவ ரிசர்வ் படையின் சிப்பாய். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்துக்குள் போனவர். அப்போது வயது 47.

பழந்தமிழில் ‘புக்கான்’ என்றால் உள்ளே நுழைந்தான் என்று பொருள். ஓர் இத்தாலியக் குடும்பப் பெயருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, வெறும் ஓசைப் பொருத்தம். சொல்லாராய்ச்சிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் ஒருமுறை காதில் விழுந்தபின் அந்த வினைமுற்றைக் கழற்றிவிட்டு அவர் பெயரை என்னால் வாசிக்க முடியவில்லை.

நியூயார்க் தீயணைப்புத் துறையில் ‘ரெஸ்க்யூ 1’ என்றொரு பிரிவு உண்டு. 1915இல் தொடங்கியது. சாதாரண வண்டிகளால் ஆகாத காரியங்களுக்குப் போகிறவர்கள் இவர்கள். தீயில் மாட்டிக்கொண்ட தீயணைப்பு வீரர்களைக் காப்பாற்றுவதும் இவர்கள் பொறுப்பு. 1985 ஜனவரியில் ஒரு வேடிக்கையான கொடுமை நடந்தது. மன்ஹாட்டன் 43ஆம் தெருவில் இருந்த அவர்களுடைய நிலையத்தை அடுத்த கட்டடத்துத் தீ தின்றுவிட்டது. ஊர் வீட்டையெல்லாம் அணைக்கப் போகிறவர்களின் சொந்த வீடு எரிந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், இந்தப் பிரிவில் இருந்த புக்கா ஐந்தாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார்.

மன்ஹாட்டனில் ஓர் அடுக்குமாடி. உள்ளே சிக்கிய இன்னொரு தீயணைப்பு அதிகாரியை எட்டுவதற்காக, நியூயார்க் கட்டடங்களின் வெளிச்சுவரில் தொங்குமே அந்த இரும்பு அவசரப்படி, அதில் ஏறியபோது பிடி நழுவியது. அந்த உயரத்திலிருந்து விழுகிறவர் பிழைப்பதில்லை. இவர் விழுந்த வழியில் ஒரு கம்பி குறுக்கே போயிருந்தது. அதில் பட்டு வேகம் உடைந்து, தரையில் வந்து கிடந்தார். முதுகெலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது. ‘பறக்கும் தீயணைப்பு வீரர்’ என்று நியூயார்க் அவருக்குப் பட்டம் கட்டியது.

விழுந்த கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதற்கடுத்த ஒரு வருடத்தின்மேல்தான் கண். பணியில் அடிபட்டு முடங்கிய வீரருக்கு அந்த நகரம் முக்கால் சம்பளத்தை வரியில்லாத ஓய்வூதியமாகத் தரும். யாரும் குறை சொல்லப்போவதில்லை. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, பிள்ளைகள் வளர்வதைப் பார்த்துக்கொண்டு, ‘பறந்த’ கதையை விருந்துகளில் சொல்லிக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? ‘ஆண்டவன் ஒரு தடவை கம்பியை நீட்டினான், மறுதடவை நீட்டுவானா’ என்பார்கள். அவர் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ. படுக்கையில் எழுந்து உட்காரப் பழகி, நிற்கப் பழகி, நடக்கப் பழகி, ஏறத்தாழ ஒரு வருடத்தில் அதே ரெஸ்க்யூ 1க்குத் திரும்பினார். மேசை வேலை கேட்கவில்லை.

இதை வீரம் என்று சொல்லி முடித்துவிடுவது சோம்பேறித்தனம். வீரம் ஒரு நொடியில் வந்து போகிற சங்கதி. தீயின் முன்னால் நிற்கும்போது உடம்பே அதைச் சுரந்து தரும். மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்தபடி, விழுந்த இடத்துக்கே மறுபடி போக வேண்டும் என்று ஒவ்வொரு நாள் காலையும் முடிவெடுப்பதற்கு வேறு பெயர் வேண்டும். பிடிவாதம் என்பது கொஞ்சம் நெருங்கி வருகிறது. தொழில் என்பது இன்னும் நெருக்கம். தச்சனுக்கு விரல் போனாலும் கை உளியைத் தேடும்.

1992இல் அவர் தீ மார்ஷல் ஆனார். நம்மூரில் இப்படி ஒரு பதவி கிடையாது. நியூயார்க்கில் தீ மார்ஷல் என்பவர் தீயணைப்பு வீரராக இருந்து உயர்ந்தவர், இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவர், கைது செய்யும் அதிகாரம் உள்ளவர். தீ எப்படிப் பிடித்தது, யாராவது வைத்தார்களா என்று கண்டுபிடிப்பது வேலை. எல்லாம் எரிந்து, தண்ணீர் சொட்டி, கரிநாற்றம் எழும்பும் அறையில் நுழைந்து தீயைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். சுவரில் கரி எந்த இடத்தில் கூம்பி, எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது? மரச்சட்டம் எங்கே அதிகம் அரிபட்டிருக்கிறது? தீயின் இயல்பு மேலேறுவது. அதனால் விசாரிக்கிறவர் கண் கீழே போகும். மிகத் தாழ்வாக எரிந்த இடத்தை முதலில் தேடும். பெரும்பாலும் தொடக்கம் அங்கே இருக்கும்.

தீ மேலே போகும், மக்கள் கீழே ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் தீயோடு சேர்ந்து மேலே போகிற மனிதர்கள் ஒரே ஒரு தொழிலில்தான் இருக்கிறார்கள்.

இதற்கு நடுவே இன்னொரு சீருடையும் இருந்தது. அமெரிக்காவின் ரிசர்வ் படையினர் வார இறுதிச் சிப்பாய்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் இரண்டு வாரம் பயிற்சி. மற்ற நாட்களில் கொத்தனார், ஆசிரியர், போலீஸ்காரர், தீயணைப்பு வீரர். இளமையில் வான்குடைப் படையில் பணியாற்றிவிட்டு வந்த புக்கா, ரிசர்வில் முதலில் சிறப்புப் படைப் பிரிவிலும் பிறகு ராணுவ உளவுப் பிரிவிலும் இருந்தார். முறிந்து ஒட்டிய முதுகோடுதான் இதையும் தொடர்ந்தார். சேவை என்ற சொல்லை நாம் மாலையும் சால்வையும் போட்டு ஊதிப் பெருக்கி வைத்திருக்கிறோம். இந்த மனிதரின் கணக்கில் அது நாட்காட்டியில் விட்டுக்கொடுத்த சனிக்கிழமைகள்.

1993 பிப்ரவரி 26 அன்று அதே உலக வர்த்தக மையத்தின் அடித்தளக் கார் நிறுத்தத்தில் வேனில் வைத்த குண்டு வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள். உள்ளே போன ரெஸ்க்யூ 1 வீரர் ஒருவர் குண்டு தோண்டிய பள்ளத்துக்குள் விழுந்து படுகாயமடைந்தார். புக்காவின் பழைய பிரிவு அது. தீயை விசாரிக்கிறவர், உளவுப் பிரிவில் சிப்பாய், தன் பிரிவு ஆள் அங்கே விழுந்திருக்கிறார். மூன்று காரணங்களும் சேர்ந்து அவரை அந்த வழக்கின் பக்கம் இழுத்தன. குண்டு வைத்தவர்கள் யார், அவர்களின் வலை எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று சொந்த நேரத்தில் படிக்கத் தொடங்கினார். அவர்கள் மறுபடி வருவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்று பத்திரிகையாளர் பீட்டர் லான்ஸ் தன் 2003ஆம் ஆண்டுப் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தப் புத்தகம் அவரைத் தீர்க்கதரிசியாக்கும் திசையில் நடக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு சம்மதம் இல்லை. எரிந்த வீட்டுக்குள் முட்டிபோட்டு ஆரம்பப் புள்ளியைத் தேடிப் பழகியவர், இன்னொரு எரிந்த இடத்திலும் அதையே செய்தார். தாழ்வாக எரிந்த இடம் எது என்று கேட்டார். இதற்கு ஞானதிருஷ்டி தேவையில்லை. கேட்கிற காதுகள் மேலே இருக்கவில்லை என்பது வேறு கதை. எல்லா அலுவலகங்களிலும் இருக்கிற கதை.

2001 செப்டம்பர் 11, காலை 9:03. இரண்டாவது விமானம் தெற்குக் கோபுரத்தை 77 முதல் 85 வரையுள்ள தளங்களில் கிழித்தது. இறங்கும் மூன்று படிக்கட்டுகளில் ஒன்று மட்டும் முழுக்க அறுபடாமல் தப்பியது. தீ மார்ஷலின் வேலை தீ அணைந்த பின்னர் தொடங்குவது. அன்றைக்கு அவர் வெளியே நின்று காத்திருந்தால் கடமை தவறியதாக ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். புக்காவும் சக மார்ஷல் ஒருவரும் படியேறத் தொடங்கினார்கள்.

51ஆம் தளத்தில் ஒரு பெண் எதிரே வந்தார். மேலிருந்து தீக்காயங்களோடு இறங்கி வந்துகொண்டிருந்தவர். யாராவது தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனால் ஒழிய அவரால் முழுதும் இறங்க முடியாது. சக மார்ஷல் அவரை அழைத்துக்கொண்டு இறங்கினார், புக்கா மேலே தொடர்ந்தார். இறங்கிய இருவரும் பிழைத்தார்கள். அந்தப் படிக்கட்டு முனையில் நடந்த பேச்சு நான்கு வார்த்தைக்கு மேல் இருந்திருக்காது என்று தோன்றுகிறது. நீ கூட்டிப்போ, நான் போகிறேன். அவ்வளவுதான் ஓர் ஆயுளைப் பிரித்துப் போட்டது.

அதே கோபுரத்தில் பட்டாலியன் தலைவர் ஓரியோ பால்மரும் ஏறிக்கொண்டிருந்தார். மாரத்தான் ஓடுகிறவர். ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு லிஃப்டைப் பிடித்து 40ஆவது தளம்வரை போய், அங்கிருந்து கால்நடை. அவருடைய வானொலிப் பேச்சு பதிவாகி, 2002இல் வெளியே வந்தது. அதுவரை தீயணைப்பு வீரர்கள் அவ்வளவு உயரம் எட்டியிருப்பார்கள் என்று பலர் நம்பவில்லை. அந்தப் பதிவைப் பற்றிப் படிக்கும்போது என்னை உலுக்குவது அதன் சாதாரணத்தனம். இந்தத் தளத்தில் புகை இல்லை, சுவர்கள் உடைந்திருக்கின்றன, பார்த்து வாருங்கள் என்கிற ரீதியில் போகிறது. மூச்சு வாங்குகிறது, குரல் உயரவில்லை. 78ஆம் தளத்தை எட்டியதும் இரண்டு இடத்தில் தீ இருக்கிறது, அணைத்துவிடலாம், இன்ன குழாய்களோடு ஆட்கள் வரட்டும் என்று கணக்குச் சொல்கிறார். சுற்றிலும் பிணங்கள். புக்காவும் அந்த 78ஆம் தளத்தில்தான் இருந்தார். நுழைந்தவர்கள் மொத்தத்தில் மிக உயரம்வரை போனவர்கள் இவர்கள்.

9:59க்குக் கோபுரம் உட்கார்ந்தது. விமானம் மோதி 56 நிமிடம். நியூயார்க் தீயணைப்புத் துறை அன்று இழந்த 343 பேரில் ரெஸ்க்யூ 1 ஆட்கள் 11 பேர். தீ மார்ஷல் இவர் ஒருவர்தான்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஓர் இரங்கல் குறிப்பு. ஆனால் பெயர் என்று ஒன்று இருக்கிறதே, அது ஆளோடு சாவதில்லை.

2003இல் இராக் போர் தொடங்கியபோது உம் கஸ்ர் பக்கத்தில் பிரிட்டிஷ் படை ஒரு கைதிகள் முகாம் அமைத்தது. ‘கேம்ப் ஃப்ரெடி’ என்று அழைத்தார்கள். பிறகு அது அமெரிக்காவின் 800ஆவது ராணுவப் போலீஸ் படைப்பிரிவின் கைக்கு வந்தது. நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்வ் பிரிவு. புக்கா மாதிரியே வார இறுதிச் சிப்பாய்கள். அவர்கள் தங்கள் ஊர்க்காரருக்குச் செய்த மரியாதையாக முகாமுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர்களின் துக்கம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செப்டம்பர் 11க்கும் இராக்குக்கும் இடையில் இல்லாத ஒரு பாலத்தை அமெரிக்க அரசு கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பாலத்துக்கு ஒரு கல்லாக இந்தப் பெயரும் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் அபூ கிரைப் சிறையில் கைதிகளை வதைத்த படங்களால் உலகமே காறித் துப்பியதும் இதே 800ஆவது பிரிவைத்தான். புக்கா முகாமிலேயே 2003 மே மாதம் கைதிகளை அடித்ததாக நான்கு சிப்பாய்கள்மீது குற்றச்சாட்டு எழுந்தது.

தமிழ் நிலத்தில் இறந்தவனுக்குக் கல் நடுவதற்கு ஒரு முறை இருந்தது. தர்மபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களைப் படித்தால் தெரியும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், இவன் யாருடைய ஆள், எந்தத் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டுப் பட்டான் என்று எல்லாவற்றையும் கல் சொல்லும். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயர். இரண்டு கள்ளர்களை அது கடித்துக் காவல் இருந்த செய்தியும் கல்லில் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குச் செய்த நேர்மை அது: பெயரையும் செயலையும் பிரிக்காமல் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள்.

நம் காலத்துப் பெயர்சூட்டலில் செயல் உதிர்ந்துபோகிறது. பாண்டி பஜாரில் துணி வாங்குகிற எத்தனை பேருக்குச் சௌந்தரபாண்டியனார் தெரியும்? அது கடைத்தெரு, பரவாயில்லை; மறதியில் யாருக்கும் காயம் இல்லை. சிறைக்கு வைத்த பெயர் அப்படியா? முள்வேலிக்குள் போகிற ஒவ்வொருவன் வாயிலும் அந்தப் பெயர் வசவாக விழும். ‘நான் புக்காவில் இருந்தேன்’ என்று அவன் பேரனுக்குச் சொல்வான். 2006இல் அபூ கிரைப் மூடப்பட்டபோது அங்கிருந்த பலரை இங்கே கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டில் முகாமில் இருபதாயிரம் பேர் நெரிந்தார்கள். 2005இல் கலவரம் நடந்தது, வேலிக்கு வெளியே போகிற சுரங்கமும் கண்டுபிடிக்கப்பட்டது. பழைய சதாம் ராணுவ அதிகாரிகளும், மதப் போராளிகளும், சும்மா தெருவில் பிடிபட்டவர்களும் ஒரே கூடாரத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து இருந்தார்கள். வெளியே இவர்கள் சந்திக்க வாய்ப்பே இல்லை. உள்ளாடையின் ரப்பர் பட்டையில் ஒருவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மற்றவர் எழுதிக்கொண்டு வெளியே போனதாக, அங்கே இருந்த ஒருவர் 2014இல் கார்டியன் நாளிதழிடம் சொன்னார். வீட்டுக்குப் போனதும் பட்டையை அறுத்து, எண்களைப் பார்த்து அழைத்தார்களாம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தீ எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த மனிதர். அடுத்த பெருந்தீயின் தாழ்ந்த புள்ளியை ஒரு மார்ஷல் தேடிப்போனால், அங்கே பலகையில் அவர் பெயர்தான் எழுதியிருக்கும்.

2009 செப்டம்பரில் முகாமை மூடினார்கள். பிறகு இடத்தின் ஒரு பகுதி, பஸ்ரா எண்ணெய் வயல்களுக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியாயிற்று. பெயர் மட்டும் பயங்கரவாதம் பற்றிய புத்தகங்களின் பின்னட்டவணைக்குக் குடிபோனது. 2025 செப்டம்பரில் சிரியாவின் புதிய அதிபர் அஹமது அல் ஷரா ஐ.நா. பொதுச்சபையில் பேச நியூயார்க் வந்தார். இராக்கில் அமெரிக்கச் சிறைகளில் இருந்தவர் அவர், அதில் புக்காவும் ஒன்று. கோட்டும் டையுமாக, பாதுகாப்பு வண்டிகள் சூழ மன்ஹாட்டனில் போனார். ரெஸ்க்யூ 1 நிலையம் அங்கிருந்து குறுக்குத் தெருவில் நேராக மேற்கே நடந்தால் வந்துவிடும். அந்தத் தூரத்தை யாராவது அன்றைக்கு நினைத்துப் பார்த்தார்களா தெரியாது.

புக்காவின் பெயர் சரியாக வெட்டப்பட்ட இடம் ஒன்று இருக்கிறது. தெற்குக் கோபுரம் நின்ற பள்ளத்தில் இப்போது நீர் நாலாபுறமும் உள்ளே விழுந்துகொண்டிருக்கிறது. அதன் விளிம்பு வெண்கலத்தில் தீயணைப்பு வீரர்களின் பெயர்கள், அவரவர் பிரிவோடு. கல்லில் பொறிப்பதுபோலப் பொறிக்காமல், உலோகத்தைத் துளைத்தே எழுத்தை உருவாக்கியிருக்கிறார்கள். விரல் வைத்தால் எழுத்து இருக்காது, எழுத்தின் வடிவில் ஓட்டை இருக்கும். இரவில் அடியிலிருந்து அதன் வழியே வெளிச்சம் வரும். அங்கே ஒரு வழக்கம் உண்டு: யாருக்குப் பிறந்தநாளோ அவர் பெயரில் விடியற்காலையில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகிவைப்பார்கள். பூவை ஊர்ப் பூக்கடைக்காரர் ஒருவர் காசு வாங்காமல் தருகிறார். மே 6 அன்று அவருடைய முறை. காம்பு எழுத்துக்குள் இறங்கி நிற்கும்.